குறுக்கே வோல்ட், வழியே ஆம்பியர்: இரண்டு அளவுகளிலிருந்து மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடும் முறை

ஒரு மின்கருவியின் இரு முனைகளுக்குக் குறுக்கே எத்தனை வோல்ட் நிற்கிறது, அதன் வழியே எத்தனை ஆம்பியர் பாய்கிறது என்ற இரண்டு எண்களும் தெரிந்துவிட்டால், அதன் மின்தடையை ஒரு வகுத்தலாலும் அது எடுத்துக்கொள்ளும் மின்திறனை ஒரு பெருக்கலாலும் பெற்றுவிடலாம். கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் விடைகள் அடிக்கடி தவறிப்போவதற்குக் காரணம், ஒரு பொருளுக்குக் குறுக்கே இருக்கும் வோல்ட்டை எடுத்து இன்னொரு பொருளின் வழியே பாயும் ஆம்பியரால் வகுப்பதும், காலையில் அளந்த வோல்ட்டையும் மாலையில் அளந்த ஆம்பியரையும் சேர்த்துப் பெருக்குவதுமே ஆகும். குறுக்கே, வழியே என்ற இரண்டு சொற்களையும் விடாமல் பிடித்துக்கொண்டு, இரண்டையும் ஒரே பொருளில் ஒரே வேளையில் அளக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை முழுவதும் நான் வற்புறுத்தப்போகும் செய்தி.

சூத்திரங்கள் இவை:

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

மின்னழுத்தத்தை வோல்ட்டிலும் மின்னோட்டத்தை ஆம்பியரிலும் எழுதினால், மின்தடை ஓமிலும் மின்திறன் வாட்டிலும் வரும். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் திறனை வலு என்றும், மின்தடையைத் தடை என்றும் சொல்லிப் பழகியிருப்பார்கள், பொருள் ஒன்றே. மீட்டரில் மில்லி ஆம்பியர் என்று வந்தால் 1000 ஆல் வகுத்து ஆம்பியராக்கிய பிறகே கணக்கில் இட வேண்டும். 350 மில்லி ஆம்பியரை 350 என்றே போட்டுவிட்டால் மின்தடை ஆயிரம் மடங்கு குறைந்தும், மின்திறன் ஆயிரம் மடங்கு கூடியும் வரும். விடை நம்ப முடியாததாகத் தோன்றும்போது முதலில் சரிபார்க்க வேண்டிய இடம் இதுதான்.

முதல் இரண்டு சூத்திரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் மேலும் இரண்டு கிடைக்கின்றன. மின்னழுத்தம் தெரியாதபோது, மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, வந்ததை மின்தடையால் பெருக்கினால் மின்திறன் வரும். மின்னோட்டம் தெரியாதபோது, மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி மின்தடையால் வகுத்தால் அதே மின்திறன் வரும். மனப்பாடமாக வைத்துக்கொள்ள முதல் இரண்டே போதும் என்றாலும், கம்பி, இணைப்பு, முனை போன்றவற்றின் சூட்டைக் கணக்கிடும்போது மூன்றாவதும், வீட்டு மின்சாரத்தில் இயங்கும் ஹீட்டர் வகைகளுக்கு நான்காவதும் மிகவும் கைகொடுக்கும்.

முதல் அளவீடு: 12 வோல்ட் பல்பு

அளந்து பழகுவதற்கு வீட்டு மின்சாரத்தைத் தொட வேண்டாம். ஒரு 12 வோல்ட் பேட்டரி, வண்டியின் பிரேக் விளக்கில் போடும் 21 வாட் பல்பு, ஒரு மல்டிமீட்டர், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகில் ஒரு பியூஸ் ஆகியவை இருந்தால் போதும். பேட்டரி 12 வோல்ட்தானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது; அதன் முனைகள் ஒன்றோடொன்று தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பி பழுத்துவிடும் என்பதால் பியூஸைத் தவிர்க்காதீர்கள்.

மின்னோட்டத்தை அளக்கச் சுற்றை ஓரிடத்தில் துண்டித்து, அந்த இடைவெளியில் மீட்டரை நுழைக்க வேண்டும். பல்பின் வழியே பாயும் மின்னோட்டம் முழுவதும் மீட்டரின் வழியேயும் பாய வேண்டும் என்பதால், சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று எழுதப்பட்ட துளைக்கு மாற்றுங்கள். மின்னழுத்தத்தை அளக்கச் சுற்றைத் துண்டிக்க வேண்டியதில்லை. ஆனால் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்குத் திரும்பக் கொண்டுவந்து, பல்பின் இரு முனைகளையும் அளவுமுனைகளால் தொட வேண்டும். ஆம்பியர் துளையில் ஒயரை விட்டுவிட்டுப் பேட்டரியின் முனைகளைத் தொடுவது மல்டிமீட்டர்கள் பழுதாவதற்கு மிகப் பொதுவான காரணம். ஆம்பியர் மீட்டரின் உள்தடை மிகமிகச் சிறியது, ஆகவே அது பேட்டரிக்கு ஒரு நேர்க்கம்பியைப் போலவே தெரியும்.

பல்பின் முனைகளுக்குக் குறுக்கே 12.0 வோல்ட், அதன் வழியே 1.75 ஆம்பியர் என்று மீட்டர் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 12.0 ÷ 1.75 = 6.86 ஓம். 12.0 × 1.75 = 21 வாட். பல்பின் உலோக அடியில் அச்சிட்டிருப்பதும் 21 வாட்தான்.

இப்போது பல்பைக் கழற்றி ஆறவிட்டு, மீட்டரை ஓம் நிலையில் வைத்து அதே இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். 6.86 வராது, ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டும். மீட்டர் கெட்டுப்போகவில்லை. எரியும் டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2500 டிகிரி செல்சியஸை எட்டும்போது அதன் மின்தடை குளிர்ந்த நிலையில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. வீட்டில் எரிந்த 60 வாட் குண்டு பல்பும் இப்படித்தான்: எரியும்போது 230 × 230 ÷ 60 = 882 ஓம்; குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போட்ட நொடியிலேயே பட்டென்று அணைந்து போனதற்கும், குளிர்ந்த இழையில் முதல் கணத்தில் பாயும் பெரிய மின்னோட்டமே காரணம். ஆக, வேலை செய்துகொண்டிருக்கும் பொருளின் மின்தடை வேண்டுமென்றால், அது வேலை செய்யும்போதே வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து வகுப்பதுதான் வழி. ஓம் மீட்டர் தருவது ஓய்வில் இருக்கும் பொருளின் மின்தடையை மட்டுமே.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் இணைக்கும் இந்த வகுத்தல் விதியைக் கண்டறிந்த ஜெர்மானியரான கேயார்க் சைமன் ஓமுக்கே ஒரே வேளை என்ற நிபந்தனை பெரிய தடையாக வந்து நின்றது. கொலோன் நகரில் ஆசிரியராக இருந்த அவர், 1825இல் வோல்ட்டா கலங்களைக் கொண்டு சோதனை செய்தபோது, கலத்தின் மின்னழுத்தம் கம்பியை மாற்றுவதற்குள் மாறிக்கொண்டே இருந்ததால் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. போகண்டார்ப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப இரட்டைக்கு (இரு சந்திப்புகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) மாறி, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மறு சந்திப்பைப் பனிக்கட்டியிலும் வைத்த பிறகுதான் மின்னழுத்தம் அசையாமல் நின்றது. 1827இல் அவர் நூலாக வெளியிட்ட விதி அந்த அசையாத மின்னழுத்தத்தின் மேல் எழுந்தது. நாமும் பேட்டரியின் மின்னழுத்தம் இறங்குவதற்குள் இரண்டு அளவுகளையும் எடுத்துவிட வேண்டும். இரண்டு மீட்டர்கள் கிடைத்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பது இன்னும் நல்லது.

மீட்டரும் சுற்றின் ஓர் உறுப்பே என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பல மல்டிமீட்டர்களில் 200 மில்லி ஆம்பியர் நிலையின் உள்தடை 1 ஓமோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். 1000 ஓம் தடையை அளக்கும்போது அது பொருட்டில்லை. 5 ஓம் தடையை அளக்கும்போது, மீட்டரையும் சேர்த்து வோல்ட் அளந்தால் விடை 6 ஓம் என்று வந்து நிற்கும். ஆகவே சிறிய மின்தடைகளுக்கு, ஆம்பியர் மீட்டரைச் சேர்க்காமல் பொருளின் முனைகளிலேயே வோல்ட்டை அளவிடுங்கள். பெரிய மின்தடைகளில் சிக்கல் வோல்ட் மீட்டரால் வருகிறது. டிஜிட்டல் மீட்டர்களின் வோல்ட் நிலைக்கு வழக்கமாக 10 மெகா ஓம் உள்தடை இருப்பதால், 1 மெகா ஓம் தடைக்குக் குறுக்கே அதை இணைத்தால் ஆம்பியர் மீட்டர் இரண்டின் வழியேயும் பாயும் மின்னோட்டத்தைச் சேர்த்துக் காட்டும், கணக்கில் 0.91 மெகா ஓம்தான் வரும். அத்தகைய இடத்தில் வோல்ட் மீட்டரை ஆம்பியர் மீட்டருக்கு வெளியே, இரண்டையும் சேர்த்து அளக்கும்படி இணைப்பதே சரி.

ஹீட்டர் ராடு: வோல்டேஜ் இறங்கினால் என்ன ஆகும்?

தண்ணீர் வாளியில் மாட்டும் 1500 வாட் ஹீட்டர் ராடு கணக்குக்கு மிகவும் ஏற்றது. அதன் நிக்ரோம் சுருளின் மின்தடை சூட்டால் சில விழுக்காடு மட்டுமே மாறும். 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் மின்னோட்டம் 1500 ÷ 230 = 6.52 ஆம்பியர்; மின்தடை 230 ÷ 6.52 = 35.3 ஓம். 6 ஆம்பியர் சிறிய பிளக்கில் இதைச் செருகக் கூடாது என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது. 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்தான் வேண்டும்.

மாலையில் தெருவெல்லாம் மின்சாரம் இழுக்கும் வேளையில் மின்னழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கிவிட்டது என்று கொள்வோம். ராடின் மின்தடை மாறாது. ஆகவே 200 × 200 ÷ 35.3 = 1133 வாட். மின்னழுத்தம் 13 விழுக்காடு குறைந்ததற்குத் திறன் 24 விழுக்காடு குறைந்திருக்கிறது. மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்தே குறைவதால் இழப்பு இரு பக்கத்திலிருந்தும் வருகிறது. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 11.3 இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். 1500 வாட்டில் இது பன்னிரண்டரை நிமிட வேலை. 1133 வாட்டில் பதினாறரை நிமிடத்துக்கு மேல் ஆகும். வோல்டேஜ் குறைந்தால் யூனிட் அதிகமாக ஓடும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். இரண்டு நிலையிலும் செலவு ஏறத்தாழ 0.31 யூனிட்தான். கூடுதலான நேரத்தில் வாளியிலிருந்து காற்றுக்குப் போகும் சூடு மட்டுமே மிகை.

இதே கணக்கை இஸ்திரிப்பெட்டிக்கும், மின்சார அடுப்புக்கும், கெட்டிலுக்கும் அப்படியே போடலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் கெட்டிலை 230 வோல்ட்டில் செருகினால் என்ன ஆகும் என்பதும் இதில் அடங்கியதே: 120 வோல்ட்டில் 1000 வாட் எடுக்கும் கருவியின் மின்தடை 14.4 ஓம், 230 வோல்ட்டில் அது 3670 வாட் இழுக்கும். சுருள் எரிந்து போகும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

பிளக் கருகுவதன் கணக்கு

எனக்கு இந்தச் சூத்திரங்களில் மிகப் பெரிய பயனாகத் தோன்றுவது இங்கேதான் இருக்கிறது. பிளக்கின் முனையும் சாக்கெட்டும் இறுக்கமாகப் பற்றாமல், அந்த ஒரு சந்திப்பில் 0.5 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். அரை ஓம் என்பது கேட்கும்போது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ராடின் 35 ஓமுடன் ஒப்பிட்டால் தண்ணீர் காயும் நேரத்தில்கூட வேறுபாடு தெரியாது. ஆனால் அந்தச் சந்திப்பின் வழியே 6.4 ஆம்பியர் பாய்கிறது. மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி மின்தடையால் பெருக்கினால் 6.4 × 6.4 × 0.5 = 20.5 வாட். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சாதாரண சால்டரிங் அயர்னின் திறன் 25 வாட். ஏறத்தாழ அவ்வளவு சூடு, ஒரு பித்தளை முனையில், நெகிழி உறைக்குள், காற்றுப் புகாத இடத்தில், ராடு ஓடும் நேரமெல்லாம் உண்டாகிறது. பித்தளை சூடேறி ஆக்சைடு படிய மின்தடை மேலும் கூடுகிறது. கூடிய மின்தடை மேலும் சூட்டை உண்டாக்குகிறது. லூஸ் காண்டாக்ட் என்று நாம் இலேசாகச் சொல்லிவிடும் குறை சுவரையே கருக்கிவிடுவது இவ்விதம்தான்.

லைனின் வழியில் இப்படிச் சேர்ந்திருக்கும் தடையைத் தொடாமலே அளக்க ஒரு வழி உண்டு. ராடு ஓடும் அதே லைனில் அடுத்து இருக்கும் பிளக் பாயின்ட்டில் வோல்ட்டைப் பாருங்கள். ராடை நிறுத்தியும் ஓடவிட்டும் பாருங்கள். நிறுத்தியிருக்கும்போது 232 வோல்ட், ஓடும்போது 226 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட் வழியில் எங்கோ விழுந்திருக்கிறது. 226 வோல்ட்டில் ராடின் மின்னோட்டம் 226 ÷ 35.3 = 6.4 ஆம்பியர். 6 ÷ 6.4 = 0.94 ஓம், டிரான்ஸ்பார்மரிலிருந்து இந்தப் பிளக் பாயின்ட் வரை போக வர உள்ள கம்பிகள், இணைப்புகள் அனைத்தின் மின்தடையும் சேர்ந்தது இது. வழியில் சூடாகப் போவது 6 × 6.4 = 38 வாட். இங்கே பலர் செய்யும் பிழை, 226 வோல்ட்டை 6.4 ஆல் வகுத்துக் கம்பியின் தடை என்று எழுதுவது. 226 என்பது ராடுக்குக் குறுக்கே நிற்பது. கம்பிக்குக் குறுக்கே நிற்பது விழுந்த 6 வோல்ட் மட்டுமே.

அந்த 38 வாட் நீளமான கம்பி முழுவதும் பரவியிருந்தால் கவலையில்லை. ஓரிடத்தில் குவிந்திருந்தால் ஆபத்து. எங்கே என்று அறிய, அதே சோதனையை மெயின் போர்டில் செய்ய வேண்டும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்வதே முறை. மெயின் போர்டில் 1.5 வோல்ட் மட்டும் இறங்கினால், மீதி 4.5 வோல்ட் வீட்டுக்குள் விழுகிறது: 4.5 ÷ 6.4 = 0.70 ஓம். இதில் கம்பியின் நியாயமான பங்கு எவ்வளவு? செம்புக்கு 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் இருந்தால் மின்தடை ஏறத்தாழ 0.0172 ஓம். மெயின் போர்டிலிருந்து 12 மீட்டர் தொலைவு என்றால் பேஸும் நியூட்ரலும் சேர்ந்து 24 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 0.0172 × 24 ÷ 1.5 = 0.28 ஓம். எஞ்சும் 0.42 ஓம் சுவிட்சிலோ, ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கிவிட்ட இணைப்பிலோ, சாக்கெட்டின் திருகிலோ இருக்கிறது, 6.4 ஆம்பியரில் அங்கே 17 வாட் சூடு உண்டாகிறது. திருகுகளை இறுக்கவும், கருகிய சாக்கெட்டை மாற்றவும் மின்பணியாளரை அழைக்க இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. இவ்வளவு சுமைக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போதாது, 2.5 வேண்டும் என்று அவர் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கத்துச் சுமையாலும் மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒரே ஒரு அளவை நம்ப வேண்டாம். நான்கைந்து முறை நிறுத்தியும் ஓடவிட்டும் பார்த்து, ஒவ்வொரு முறையும் அதே வேறுபாடு வருகிறதா என்று கவனியுங்கள். வீட்டு மின்சாரத்தை அளக்கும் மீட்டரில் கேட் 3 (CAT III என்ற பாதுகாப்பு வகை), 600 வோல்ட் என்ற குறியீடு இருக்க வேண்டும். அளவுமுனைகளின் உறை வெடித்திருக்கக் கூடாது.

எல்இடிக்கு முன்னால் என்ன தடை போடுவது?

இதுவரை இருக்கும் பொருளை அளந்தோம். இனிச் சேர்க்க வேண்டிய தடையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு. வண்டியில் மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடராக இணைத்து எரிக்க விரும்புகிறீர்கள். ஒவ்வொன்றும் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், 20 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயக் கூடாது. 12 ÷ 0.02 = 600 ஓம் என்று போட்டால் அது தவறு, ஏனென்றால் தடைக்குக் குறுக்கே 12 வோல்ட் நிற்பதில்லை. எல்இடிகள் 9 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, தடைக்கு எஞ்சுவது 3 வோல்ட். 3 ÷ 0.02 = 150 ஓம்.

இந்த 150 ஓமும் மேசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் சரி. என்ஜின் ஓடிப் பேட்டரி ஏறிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் 14.4 வோல்ட் வரை போகும். அப்போது தடைக்குக் குறுக்கே 5.4 வோல்ட், 5.4 ÷ 150 = 0.036, அதாவது 36 மில்லி ஆம்பியர். எல்இடிகள் சில மாதங்களில் மங்கிப்போவதற்கு இது போதும். வரக்கூடிய மிக உயர்ந்த மின்னழுத்தத்தை வைத்தே தடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 5.4 ÷ 0.02 = 270 ஓம். இந்த மதிப்பு கடையில் கிடைக்கும். அதன் மேல் மதிப்பைக் குறிக்கும் சிவப்பு, ஊதா, பழுப்பு நிற வளையங்கள் இருக்கும். என்ஜின் நின்றிருக்கும்போது 11 மில்லி ஆம்பியர்தான் பாயும், வெளிச்சம் சற்றுக் குறையும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தடையின் திறன் 5.4 × 0.02 = 0.108 வாட் என்பதால் கால் வாட் தடை போதுமானது. கணக்கில் வரும் வாட்டைப் போல இரு மடங்கு தாங்கும் தடையை வாங்குவது நல்ல பழக்கம்.

எல்இடிக்கும் மின்தடை உண்டு என்று 3 ÷ 0.02 = 150 ஓம் எனக் கணக்கிட்டு, அதை வேறு மின்னோட்டத்துக்குப் பயன்படுத்த முனையாதீர்கள். எல்இடியில் மின்னோட்டம் பாதியானால் மின்னழுத்தம் பாதியாகாது, சிறிதளவே இறங்கும். வகுத்தலின் விடை அந்த ஒரு நிலைக்கு மட்டுமே உரியது.

பேட்டரியின் உள்ளே இருக்கும் தடைக்கும் இதே சிந்தனைதான். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கும்போது 10.6 வோல்ட்டுக்கு இறங்கினால், உள்ளே விழுந்த 2 வோல்ட்டை 100 ஆல் வகுக்க 0.02 ஓம். ஸ்டார்ட்டருக்குப் போவது 1060 வாட். பேட்டரிக்குள்ளேயே சூடாவது 200 வாட். பேட்டரி முதிர முதிர இந்த உள்தடை ஏறும். விளக்கு நன்றாக எரிந்தும் என்ஜின் சுற்ற மறுப்பது அதனால்தான்: விளக்கு இழுக்கும் சில ஆம்பியருக்கு அந்தத் தடை பெரிதில்லை, நூறு ஆம்பியருக்குப் பெரிது.

மோட்டார் இருக்கும் இடத்தில்

கிணற்று மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் மேலே சொன்ன இரண்டு சூத்திரங்களும் அப்படியே பொருந்தா. மாறுதிசை மின்சாரத்தில் காயில் (கம்பிச்சுருள்) இருந்தால், மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. மீட்டர் தனித்தனியே காட்டும் வோல்ட்டும் ஆம்பியரும் சரியாகவே இருந்தாலும், இரண்டும் ஒரே கணத்தில் உச்சிக்கு வருவதில்லை. ஒரே வேளை என்ற நிபந்தனை இங்கே நொடியின் நூற்றில் ஒரு பங்குக்குள்ளேயே தவறிவிடுகிறது.

ஒரு குதிரைத்திறன் கொண்ட மோட்டார் ஓடும்போது பிளக் பாயின்ட்டில் 225 வோல்ட், கம்பியைத் துண்டிக்காமல் கவ்வியே ஆம்பியரைக் காட்டும் கிளாம்ப் மீட்டரில் 6.4 ஆம்பியர் என்று கொள்வோம். கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒற்றைக் கம்பி மட்டும் இருக்க வேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து இருந்தால் ஒன்றையொன்று நீக்கிச் சுழி காட்டும். 225 × 6.4 = 1440. இது வாட் அன்று. இதை வோல்ட் ஆம்பியர் என்றே எழுத வேண்டும். இன்வெர்ட்டர்களின் மேல் எழுதியிருக்கும் அலகும் இதுதான்.

உண்மையான வாட்டை உங்கள் வீட்டு மின்மீட்டரே சொல்லும். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அருகில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று, எடுத்துக்காட்டாக 3200 என்று, அச்சிட்டிருக்கும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 64 என்று வந்தால், ஒரு மணி நேரத்துக்கு 3840 சிமிட்டல். அதை 3200 ஆல் வகுக்க 1.2 கிலோவாட், அதாவது 1200 வாட். 1200 ÷ 1440 = 0.83 என்பது மோட்டாரின் திறன் காரணி. ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால், அந்த மோட்டார் முழுச் சுமையில் ஓடினால் 1200 வாட் எடுத்து 746 வாட் வேலையைத் தருகிறது; மீதி சூடாகவும் உராய்வாகவும் போகிறது. ஹீட்டர் ராடை வைத்து இதே சோதனையைச் செய்தால், பெருக்கிய விடையும் எண்ணிய விடையும் ஏறத்தாழ ஒன்றாக வரும். உங்கள் அளவீடு சரிதானா என்று பார்த்துக்கொள்ள இது நல்ல வழி.

வகுத்தலும் மோட்டாரில் வேறு பொருள் கொள்கிறது. 225 ÷ 6.4 = 35 ஓம் என்று வரும்; ஆனால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டத்தையும் மின்பணியாளர் இறக்கிய பிறகு ஓம் மீட்டரால் காயிலை அளந்தால் சில ஓம் மட்டுமே இருக்கும். 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 35 ஓமுக்கு மின்னெதிர்ப்பு என்று பெயர். காயிலின் காந்தப்புலமும், சுழலும் பகுதி மின்னழுத்தத்துக்கு எதிராக உண்டாக்கும் மறிப்பும் அதில் சேர்ந்திருக்கின்றன. காயில் எவ்வளவு சூடாகும் என்பதற்கு 4 ஓமைத்தான் எடுக்க வேண்டும்: 6.4 × 6.4 × 4 = 164 வாட்.

மணல் சிக்கியோ, பேரிங் இறுகியோ மோட்டார் சுழல முடியாமல் நின்றுவிட்டால், சுழற்சியால் வந்த மறிப்பு இல்லாமல் போய் மின்னோட்டம் 25 ஆம்பியருக்கு ஏறக்கூடும். அப்போது 25 × 25 × 4 = 2500 வாட்; பெரிய ஹீட்டர் ராடு ஒன்றின் சூடு, வார்னிஷ் பூசிய காயிலுக்குள்ளே. உறுமல் மட்டும் கேட்டுத் தண்ணீர் வராவிட்டால் காத்திருக்காமல் உடனே நிறுத்திவிட வேண்டும். மோட்டார் புதிதாக இருக்கும்போதே, அன்றைய வோல்ட்டையும் ஆம்பியரையும் நாளுடன் ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் எழுதி வைத்துவிடுங்கள். பிறகு ஒருநாள் அதே வோல்ட்டில் 6.4 என்பது 7.5 ஆம்பியராக ஏறியிருந்தால், காயில் சூடு 164 வாட்டிலிருந்து 225 வாட்டாகிவிட்டது என்று பொருள். பேரிங்கையும் கெப்பாசிட்டரையும் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கை அந்த வாரமே வரவழையுங்கள்.